பட்டையில் கை வைக்காதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்தில் குட்டி யானையும் பிக்கப்பும் ஓட்டும் தம்பிகளுக்கு,



லீஃப் ஸ்பிரிங் வேலை பார்க்கும் கமான் பட்டறைப் பக்கம் போனால் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது: "பாய், வண்டிய கொஞ்சம் எறக்கிக் குடுங்க." போன வருஷம் "ஒரு பட்டை சேத்துப் போடுங்க, லோடு தாங்கல" என்று அதே பட்டறை வாசலில் நின்றவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஏற்றச் சொன்னதற்கு ஒரே காரணம்தான். இறக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம் சொல்கிறீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்பது ஒன்று. தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் தரையை நக்கிக்கொண்டு ஓடும் பிக்கப்புகளை செல்போனில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், அதைக் குறை சொல்ல மாட்டேன். லோடு ஏற்றி இறக்க வசதி என்பது இன்னொன்று. ஈரம் சொட்டும் உப்புத் தோல் கட்டைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் போடுகிறவரின் முதுகைப் பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

ஆனால் இந்த இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. நீங்களோ எது காரணமாக இருந்தாலும் பட்டறையில் ஒரே வேலையைத்தான் கேட்கிறீர்கள்: பட்டையை எடு. அதனால்தான் இந்த மடல்.

முதலில் வண்டிக்கு அடியில் ஒரு கோணியை விரித்துப் படுத்துப் பாருங்கள். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸிஸில் ஒரு கறுப்பு ரப்பர் கட்டை இருக்கும். அதுதான் பம்ப் ரப்பர். அந்த ரப்பருக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கும் காலி இடம்தான் உங்கள் சொத்து. பட்டை வளைந்து கொடுப்பது, பள்ளத்தின் அடியை வாங்குவது எல்லாம் அந்த இடத்துக்குள் நடப்பவை. ரப்பரின் அடிப்பக்கம் தூசியும் மசகுமாக அப்பிக் கிடந்தால் ஆக்ஸில் அதைத் தொட்டதில்லை என்று அர்த்தம். பளபளவென்று தேய்ந்து ஓரம் பிய்ந்திருந்தால் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியில் இறக்குவதற்கு ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. அதோடு மடலை மடித்து வைத்துவிடலாம்.

இடம் இருந்தால் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலி வண்டியில் ஒரு முறை, முழு லோடில் ஒரு முறை. முழு லோடு என்றால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் கணக்கு அல்ல, நீங்கள் நிஜமாகவே ஏற்றும் கணக்கு. நமக்குள் என்ன ஒளிவுமறைவு. முழு லோடில் 5 செ.மீ. மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டு இஞ்ச் எறக்குங்க" என்று நீங்கள் கேட்பது அந்த 5 செ.மீ.யைத்தான். ஸ்பிரிங்கைத் தொட்டு வண்டியை இறக்கும் வழி எதுவாக இருந்தாலும் இந்த இடத்திலிருந்துதான் எடுக்கும். இடத்தோடு சேர்ந்து பட்டையின் பலமும் போகிறதா, பலம் நிற்க இடம் மட்டும் போகிறதா என்பதில்தான் வழிக்கு வழி வித்தியாசம்.

பட்டையை உருவி எடுப்பதில் இரண்டும் போகிறது. சுலபம், செலவு குறைவு, அரை நாளில் முடிந்துவிடும் என்பதால் நம் ஊரில் இதுதான் அதிகம் நடக்கிறது. ஒரே கனமுள்ள 5 பட்டை செட்டில் ஒன்றை எடுத்தால் பலத்தில் ஏறக்குறைய 5இல் 1 பங்கு போய்விடும். அஞ்சு பேர் தூக்கிய மூட்டையை நாலு பேர் தலையில் வைப்பதுபோல, மிஞ்சிய பட்டை ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு சுமை கூடுகிறது. முழு லோடில் முன்பு 10 செ.மீ. அமுங்கிய செட் இப்போது 12.5 செ.மீ. அமுங்கும். காலி வண்டி இறங்கியது போதாதென்று லோடு ஏறியதும் இன்னும் 2.5 செ.மீ. கூடுதலாக இறங்குகிறது. பட்டைகளின் நீளம் வேறுபடுவதால் கணக்கு மில்லிமீட்டர் சுத்தமாக வராது. ஆனால் போகும் திசை இதுதான். பட்டையின் கனம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். பலம் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது: கனம் பாதியானால் பலம் 8இல் 1 பங்குதான். ஆகவே "அதே எண்ணிக்கை, கொஞ்சம் மெல்லிய பட்டை" என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள்.

நம் வட்டாரத்துக்கென்றே இதில் இன்னொரு கேடு இருக்கிறது. சேலத்துக்காரருக்கோ நாமக்கல்காரருக்கோ இது இந்த அளவுக்கு இல்லை. நாம் ஏற்றுவது உப்புத் தோல். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 30, 40 சதவீதம் என்று உப்பைக் கொட்டித்தான் மண்டியில் அடுக்குகிறார்கள். அந்த உப்பு தோலிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடுகிறது. அது ஈரோட்டிலிருந்தும் பெரியமேட்டிலிருந்தும் தோல் பதனிடும் ஷாப்பு வரைக்கும் வழியெல்லாம் சொட்டுகிறது. பாடி இடுக்கில் வடிந்து, சேஸிஸ் ஓரமாக ஓடி, நேராகப் பட்டைகளின் நடுவில் போய்த் தங்குகிறது. இந்தப் பக்கத் தோல் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஏறிவிட்டது. நம் வண்டிகளின் அடிப்பாகத்தை உப்பு என்ன செய்கிறது என்பதைப் பட்டறைக்காரர்தான் பார்க்கிறார். செட்டைக் கழற்றினால் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் செங்கல் நிறத்தில் பொடி கொட்டும். பொடியைத் துடைத்துவிட்டுப் பட்டையின் மேல்முகத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். லோடு ஏறும்போது இழுபடுவது அந்த மேல்முகம்தான். விரிசல் குழியிலிருந்துதான் கிளம்பும். இப்படி அரித்துப்போன செட்டில் ஒன்றை உருவி மற்றவற்றுக்குக் கால் பங்கு சுமையைக் கூட்டினால் பட்டை எங்கே உடையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்டர் போல்ட் துளை பக்கத்தில் உடையும். ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகரும், வண்டி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

சூடு காட்டி வளைவை எடுப்பது இதைவிடத் தப்பு. கமான் பட்டை சாதாரண இரும்பு இல்லை. செக்கச்செவேல் என்று காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவான சூட்டில் பதம் பார்த்து எடுத்த எஃகு. கம்பெனியில் அதன் மேல்முகத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளால் அடித்து இறுக்கியும் விடுகிறார்கள், விரிசல் சீக்கிரம் பிடிக்காமல் இருக்க. கேஸ் வெல்டிங் நெருப்பை ரெண்டு நிமிஷம் காட்டினால் இத்தனையும் போய்விடும். இரும்பு மிஞ்சும், ஸ்பிரிங் மிஞ்சாது. முன் பக்கக் காயில் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமுக்குவதும் இதே கதைதான். காயிலை வெட்டுவது வேறு விஷயம். 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் மெலியாது, மாறாக 7இல் 1 பங்கு விறைக்கும். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நழுவிவிடும். அதுவும் வேண்டாம்.

பலம் நிற்க, இடம் மட்டும் குறைய வேண்டுமானால் உருப்படியான வழி ஒன்றுதான். உங்கள் வண்டிக்குரிய அதே எண்ணிக்கை, அதே கனத்தில் வளைவு மட்டும் குறைவாக ஒரு புதுச் செட் செய்து வாங்குங்கள். பழைய செட்டைக் குளிர அடித்து வளைவு எடுத்துத் தரும் கைதேர்ந்த பட்டறைகள் இருக்கின்றன. கம்பெனி இறுக்கம் கொஞ்சம் கலைந்தாலும் பதம் நிற்கும். ஆனால் உப்பு தின்ற செட்டை அடிக்கச் சொல்லாதீர்கள். அடிக்கிறவர் மேல் பழி வரும்.

பட்டைக் கண்ணைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை மாற்றுவது பற்றிச் செல்போனில் பார்த்தவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த வீடியோக்களில் நீளமான ஷேக்கிள் போட்டதும் வண்டி இறங்கும். அந்த ஊரில் சில பிக்கப்புகளில் பட்டையின் கண் சேஸிஸ் பின்னுக்கு மேலே இருக்கும், அதனால் இறங்குகிறது. நம் லோடு வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஷேக்கிள் சேஸிஸிலிருந்து கீழே தொங்கும், அதன் அடிமுனையில்தான் பட்டைக் கண். அதில் நீளமான ஷேக்கிளை மாட்டினால் வண்டி ஏறும்! குட்டையாகப் போட்டால் இறங்கும்தான். ஆனால் லோடில் பட்டை நிமிர்ந்து நீளும்போது குட்டை ஷேக்கிள் அதற்கு வழி விடாமல் முட்டி நிற்கும். இன்னொரு கணக்கும் உண்டு. பட்டையின் ஒரு முனையை மட்டும் 2 இஞ்ச் தூக்கினால் ஆக்ஸிலில் கிடைப்பது 1 இஞ்ச்தான். கூடவே ஹவுசிங் மூக்கு திரும்பி, புரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி, கிராஸ் சத்தம் போட ஆரம்பிக்கும்.

பிளாக் வைப்பதும் அப்படித்தான். ஆக்ஸிலுக்கு அடியில் பட்டை ஓடும் வண்டியில் நடுவில் கட்டை வைத்தால் இறங்கும். நம் வண்டிகளில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, கட்டை வைத்தால் ஏறும். அதனால் ஆக்ஸிலைத் தூக்கிப் பட்டைக்கு மேலே வைத்துக்கட்டுவதை ஒரு சிலர் "ஃபிளிப்" என்று கேட்கிறார்கள். ஹவுசிங் குழாயின் கனமும் பட்டைச் செட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரே போடாக இறங்கும். பம்ப் இடம் முழுவதும் போய்விடுவதால் சேஸிஸில் அரைவட்டமாக வெட்டித்தான் ஆக்ஸிலுக்கு இடம் செய்ய வேண்டியிருக்கும். காட்சிக்கு வைக்கும் வண்டியில் நல்ல வெல்டர் சட்டம் போட்டு இதைச் செய்துகொள்ளட்டும். வாரம் முழுக்கத் தோல் ஏற்றும் வண்டியில் சேஸிஸ் வெட்டுவதைப் பற்றிப் பேசக்கூட நான் தயாரில்லை. ஏர் சஸ்பென்ஷனைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்: பணமும் பராமரிப்பும் இருந்தால் அழகான ஏற்பாடு, உப்புத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வால்வும் குழாயும் எத்தனை நாள் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பட்டறையில் யாரும் பேசாத ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. இந்த மடலில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பல சிறிய லோடு வண்டிகளில் பின் பிரேக் லைனில் ஒரு வால்வு உண்டு, எல்.எஸ்.பி.வி. என்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்ஸிலுக்குப் போகும். சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் என்பதை வைத்து வண்டி காலியா, லோடா என்று அது கண்டுபிடிக்கும். காலியாக இருந்தால் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும். லோடு ஏறினால் திறந்துவிடும். நீங்கள் வண்டியை இறக்கியதும் காலி வண்டியே அதன் கணக்கில் லோடு வண்டி ஆகிவிடுகிறது. தோலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறீர்கள். மழைத் தூறல், வி.கோட்டாவிலிருந்து பேரணாம்பட்டுக்கு இறங்கும் பத்தலப்பள்ளி மலைப்பாதை. வளைவில் பிரேக்கைத் தொட்டதும் பின் சக்கரம் பிடித்துக்கொள்கிறது, வால் வெளியே வீசுகிறது. டயர் மேல் பழி போடுவீர்கள், ரோடு மேல் பழி போடுவீர்கள். வால்வை யார் நினைப்பார்கள்? இறக்கிய வண்டியில் அந்தக் கம்பியைப் புது உயரத்துக்குக் கம்பெனி அளவுப்படி திரும்பச் செட் செய்ய வேண்டும். தெரியாது என்று சொல்கிற பட்டறையில் இறக்கும் வேலையையும் கொடுக்காதீர்கள்.

ரோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின் பட்டையில் இறக்கினால் ஹவுசிங் உருண்டை தரையிலிருந்து இருக்கும் உயரம் மாறாது, அது டயர் கணக்கு. இறங்குவது டீசல் டேங்க், சைலன்சர், பேட்டரிப் பெட்டி, ஸ்டெப்னி. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். டாடா ஏஸின் சக்கர இடைவெளி 2.1 மீட்டர். இரண்டு சக்கரமும் தடையின் மேலேயே நிற்பதால் வயிற்றுக்கு அடியில் அது எடுப்பது வெறும் 3 செ.மீ. சொச்சம். சக்கர இடைவெளி 3 மீட்டர் உள்ள பிக்கப்புக்கு 7 செ.மீ. வரும். அதாவது விதிப்படி கட்டிய தடை இறக்கிய வண்டியையும் ஒன்றும் செய்யாது. நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் சிமென்ட் வரப்பு அப்படியல்ல. முழம் அகலம்கூட இருக்காது. தன் முழு உயரத்தையும் உங்கள் டேங்குக்குக் காட்டும். நீங்கள் ஓட்டுவது 48ஆம் எண் நெடுஞ்சாலையில் மட்டும் என்றால் சரி, லோடு ஏற்றுவது அந்தத் தெருவுக்குள்தானே.

சட்டம் என்று பார்த்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கறாராகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் மாற்றம் என்று விளக்குகிறது. சேஸிஸை வெட்டினால் அதில் வாதமே இல்லை. ஓர் அங்குலம் வளைவு குறைந்த பட்டைச் செட்டைப் பற்றி வாதாட இடம் இருக்கலாம். ஆனால் வாதாடப் போவது எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியை நிறுத்தியிருக்கும் நாளில், ஆய்வாளர் முன்னால். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு என்பதையும், விபத்துக் காப்பீடு கேட்டுப் போகும்போது சர்வேயர் முதலில் வண்டிக்கு அடியில்தான் குனிவார் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இனி ஆளுக்கு ஏற்ற பதில். லோடு ஏற்ற வசதிக்காக இறக்க நினைக்கிறவர்களே, உங்களுக்கு வேண்டியது வண்டி இறங்குவது அல்ல, பாடியின் தளம் இறங்குவது. சேஸிஸுக்கும் பலகைக்கும் நடுவில் பாடி கட்டுகிறவர் வைக்கும் நீளக் கட்டையும் குறுக்குக் கட்டையும் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அடுத்த முறை பாடி கட்டும்போது உயரம் குறைந்த இரும்புச் சட்டத்தில் கட்டச் சொன்னால், டயர் மேலே இடிக்காத அளவுக்கு, நீங்கள் ஸ்பிரிங்கில் கேட்ட 2 இஞ்சில் நல்ல பங்கு அங்கேயே கிடைக்கும். பம்ப் ரப்பரின் இடம் அப்படியே இருக்கும். பாடிக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்று விதிமுறை உண்டு, அதைத் தெரிந்த பாடி கட்டுகிறவரிடம் போங்கள். பின் கதவை வெளியே சாய்த்துச் சங்கிலியில் நிறுத்தி, அதில் ஒரு சாய்பலகை மாட்டினால் பாதித் தூக்கல் போய்விடும். தோல் ஷாப்பு வாசலில் வண்டி உயரத்துக்கு ஒரு சிமென்ட் மேடை கட்டினால் மீதித் தூக்கலும் போய்விடும். அதைக் கட்ட வேண்டியவர்கள் முதலாளிகள். இந்த மடல் அவர்கள் கண்ணில் பட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். மேடை உள்ள ஷூ கம்பெனிகளில் இறக்கிய வண்டி தொல்லைதான், மேடையிலிருந்து அட்டைப் பெட்டியைக் கீழே குனிந்து அடுக்க வேண்டியிருக்கும்.

அழகுக்காக இறக்க நினைக்கிறவர்களுக்கு: லோடு வண்டி என்றால் விட்டுவிடுங்கள். வி-கிராஸ் மாதிரி சொந்த உபயோக பிக்கப் என்றால் முதலில் டயரும் ரிம்மும் பாருங்கள். கம்பெனி அனுமதித்த அளவுகளுக்குள், சுமைக் குறியீடு குறையாமல், கொஞ்சம் தாழ்ந்த பக்கவாட்டு உள்ள டயர் போட்டால் ஸ்பிரிங்கைத் தொடாமலே வண்டி தாழ்ந்து தெரியும். அதற்கும் மேலே ஆசை இருந்தால் வளைவு குறைந்த முழுச் செட், ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. முன் பக்கமும் அதே அளவு இறங்க வேண்டும். பின்னால் மட்டும் இறக்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிற லாரிக்காரர் உங்கள் பரம்பரையையே வாழ்த்துவார். பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் ஏலகிரியின் 14 கொண்டை ஊசியில் ஏறாதீர்கள், டயரின் உள்பக்கம் தேய்ந்துபோவது மேலே போய்த்தான் தெரியும்.

எந்த வேலையாக இருந்தாலும் யூ போல்ட்டைப் புதிதாக வாங்கிக் கொடுங்கள். இழுபட்ட பழைய போல்ட் மறுபடி இறுகாது. முழு லோடில் 500 கி.மீ. ஓடியதும் திரும்பப் பட்டறைக்குப் போய் டார்க் ஸ்பேனர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வாரம் ஒரு முறை சர்வீஸ் ஸ்டேஷனில் மேலே தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் அடியில் அடிக்கச் சொல்லுங்கள், பட்டை இடுக்கில் நிற்கும் உப்பு போகிற வரைக்கும். கழற்றிய பழைய பட்டையையும் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள், எஃப்.சி.யில் திரும்பப் போடச் சொன்னால் தேட வேண்டியிருக்காது.